மேட்டூர் 100 அடி என்றால் உண்மையில் எவ்வளவு தண்ணீர்?

மேட்டூர் நீர்மட்டம் 100 அடியைத் தாண்டிவிட்டது என்று தினமும் செய்தி வருகிறதே, 120-க்கு 100 என்றால் ஆறில் ஐந்து பங்கு தண்ணீர் இருக்க வேண்டுமே, அப்புறம் ஏன் ஆவணி பிறந்தும் பேராவூரணிப் பக்கம் எங்கள் வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது, இந்த 100 அடியை நம்பிச் சம்பாவுக்கு விதை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்விபோல இருந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒன்று. அது எத்தனை நாளைக்கு வரும் என்பது இன்னொன்று. அதில் உங்கள் வயலுக்கு எவ்வளவு வந்து சேரும் என்பது மூன்றாவது. முதலாவதற்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதைக் கணக்குப் போட்டு ஒரு வரம்புக்குள் சொல்லலாம். மூன்றாவதை மேட்டூர் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. பாசனப் பிரிவில் பொறியாளராக அணைப் பக்கமும் டெல்டாப் பக்கமும் மாறி மாறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அணையின் நீர்மட்டம் அடிக்கணக்கு. தண்ணீரின் அளவு டிஎம்சி (ஆயிரம் மில்லியன் கனஅடி) கணக்கு. இரண்டும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மேட்டூர் நீர்த்தேக்கம் அடி குறுகி வாய் அகன்ற சட்டி மாதிரி. கீழே ஆற்றின் பள்ளமும் அதன் இரு கரைகளும் மட்டும்தான். மேலே போகப் போகத் தண்ணீர் பரந்து விரிந்து, முழுக் கொள்ளளவில் 59 சதுர மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 153 சதுர கிலோமீட்டருக்கு நிற்கும். அதனால் மேல்மட்டத்து ஓர் அடியும் அடிமட்டத்து ஓர் அடியும் ஒன்றல்ல. 120 அடியில் 93.47 டிஎம்சி. 100 அடியில் ஏறத்தாழ 65 டிஎம்சி. 60 அடியில் சுமார் 25. நீங்கள் போட்ட விகிதக் கணக்கில் 100 அடி என்பது 83 சதவீதம். நிஜத்தில் அது 70 சதவீதத்தைத் தொடாது. பாதி உயரமான 60 அடியிலோ, கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் தண்ணீர் நிற்கிறது. கடைசி 20 அடியில் மட்டும் 28 டிஎம்சிக்கு மேல் இருக்கிறது. முதல் 60 அடியில் நிற்பதை விட அது அதிகம். 119-லிருந்து 120-க்கு ஏறும் அந்த ஓர் அடியில் மட்டும் ஒன்றரை டிஎம்சிக்கு மேல் ஏறும்.

ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி. விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. இந்த ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் செய்தித்தாளில் வரும் மற்ற எல்லா எண்களையும் நீங்களே எடைபோட்டுவிடலாம்.

அடிக்கணக்கை வைத்து ஓர் அணையை இன்னோர் அணையோடு ஒப்பிடுவதும் இதே காரணத்தால் தவறு. திருநெல்வேலிச் சீமையின் மணிமுத்தாறு அணை 118 அடி. மேட்டூரை விட இரண்டே அடிதான் குறைவு. அதன் முழுக் கொள்ளளவோ ஐந்தரை டிஎம்சி. கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர் 124.80 அடி, மேட்டூரை விட உயரம். அதில் நிற்பது 49.45 டிஎம்சி. 'அவர்கள் அணை 110 அடி, நம் அணை 90 அடி' என்று தொலைக்காட்சியில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பார்க்கிற விவசாயிக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது, கோபம்தான் வரும்.

அப்படியானால் ஏன் அடியிலேயே சொல்கிறார்கள்? அணையில் நேரடியாக அளக்க முடிவது மட்டம் ஒன்றைத்தான். காலை எட்டு மணிக்கு அளவுகோலைப் பார்த்து மட்டத்தைக் குறிக்கிறார்கள். அந்த மட்டத்துக்கு எவ்வளவு இருப்பு என்று ஓர் அட்டவணை இருக்கிறது. அதைப் பார்த்து டிஎம்சியை எழுதுகிறார்கள். சந்தேகம் இருக்க வேண்டிய முதல் இடம் அந்த அட்டவணை. 93.47 என்பது 1934-ல் அணை கட்டி முடித்த காலத்துப் பள்ளத்தாக்கை வைத்து வந்த எண். அதற்குப் பிறகு தொண்ணூறு ஆண்டுகளாகக் காவிரி வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருக்கிறது. வண்டல் அணையின் அடியில் மட்டும் படியும் என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளம் நீர்த்தேக்கத்துக்குள் நுழைந்து வேகம் குறைகிற ஒகேனக்கல் பக்கத்து வாய்ப் பகுதியிலேயே கனமான மணலும் வண்டலும் தங்கிவிடும். ஆகவே பயன்படும் தண்ணீருக்கான இடத்தையும் அது பிடித்துக்கொள்கிறது. இன்று 120 அடியில் நிற்பது 93.47-ஐ விடக் குறைவு என்பது நிச்சயம். எவ்வளவு குறைவு என்பதை மட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நீங்கள் கணக்குப் போடும்போது அட்டவணைத் தொகையிலிருந்து கொஞ்சம் கழித்தே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நீர்வரத்து. இதையும் கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் படிக்க வேண்டும். கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் ஆற்றிலேயே அளக்கிறது. ஆனால் 'மேட்டூருக்கு நீர்வரத்து' என்று வரும் எண் பெரும்பாலும் கணக்கில் பிறந்தது. நேற்றைய இருப்புக்கும் இன்றைய இருப்புக்கும் உள்ள வித்தியாசத்தோடு, இடையில் திறந்துவிட்ட தண்ணீரைக் கூட்டினால் வரத்து. அணை நிரம்பி இருக்கும் சமயம் ஓர் அங்குல மட்டம் என்பது ஏறத்தாழ 0.13 டிஎம்சி. அதை ஒரு நாளைக்குப் பரப்பினால் விநாடிக்கு 1,500, 1,600 கனஅடி வருகிறது. ஆடிக்காற்று அடிக்கிற நாளில் அளவுகோல் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் ஒரு கோட்டில் நிற்கவே நிற்காது, ஏறி ஏறி இறங்கும். அலை தணிகிற நேரம் பார்த்து, இரண்டு மூன்று தடவை படித்து, நடுவாக ஒன்றை எடுத்துக் குறிப்பார்கள். அதில் ஓர் அங்குலம் அப்படி இப்படி ஆவது பெரிய குற்றமில்லை. ஆனால் மறுநாள் செய்தியில் அது 'நீர்வரத்து திடீர்ச் சரிவு' என்று வந்து நிற்கும். ஆகவே ஒரு நாள் வரத்தைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். நான்கைந்து நாள் சராசரியைப் பாருங்கள்.

சரி, 65 டிஎம்சி எத்தனை நாளைக்கு வரும்? டெல்டா பாசனத்துக்கு விநாடிக்கு 12,000 கனஅடி திறந்தால் நாளொன்றுக்கு ஒரு டிஎம்சிக்குச் சற்று மேல் போகிறது. இருப்பு முழுவதையும் எடுக்க முடியாது. குடிநீருக்கும் மீன்களுக்கும் அணையின் பாதுகாப்புக்கும் என அடியில் எட்டு, பத்து டிஎம்சியை விட்டுவைக்க வேண்டும். பிறகு ஆவியாவது இருக்கிறது: முழு அணையில் ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியானால்கூட விநாடிக்கு 300 கனஅடி ஓடியதற்குச் சமம். இதெல்லாம் போக, வரத்தே இல்லை என்று வைத்துக்கொண்டால் 100 அடி தண்ணீர் ஐம்பது, ஐம்பத்தைந்து நாளில் முடிந்துவிடும். ஒரு குறுவைக்கே போதாது. ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அந்த 230 நாளுக்கும் டெல்டாவின் மொத்தத் தேவை 330 டிஎம்சி அளவில் என்று துறையில் கணக்கு வைத்திருக்கிறார்கள். இதில் மழை தருகிற பங்கும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அணை ஒருமுறை நிரம்புவது அந்தத் தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பருவம் முழுக்க மேலிருந்து வந்துகொண்டே இருந்தால்தான் கணக்கு ஒப்பேறும்.

இதற்கு 2023-ஐ விடத் தெளிவான சாட்சி வேண்டாம். அந்த ஆண்டு ஜூன் 12-ல் அணை திறந்தபோது மட்டம் 103 அடிக்கு மேல். உங்கள் 100 அடியை விட அதிகம். எல்லாரும் தைரியமாகக் குறுவை போட்டார்கள். மேலே தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. வரத்து சொற்பமாக இருக்க, திறப்பு மட்டும் தொடர்ந்தது. அக்டோபர் 10-ல் மட்டம் 31 அடிக்கு வந்து, இருப்பு எட்டு டிஎம்சிக்கும் கீழே போய், பாசனத்துக்கு விடுவதையே நிறுத்தினார்கள். திறந்ததிலிருந்து சரியாக 120 நாள். நீர்மட்டம் எண்பது அடியையும் எழுபது அடியையும் தாண்டிக் கீழே இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் பழைய தேவாலயக் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரியும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். டெல்டாக்காரனுக்கு அது வயிற்றில் புளியைக் கரைக்கிற காட்சி.

அடுத்த ஆண்டே நேர்மாறாக நடந்தது. 2024 ஜூலை நடுவில் மட்டம் 45 அடிக்கும் கீழே. ஜூன் 12-ல் திறக்கவே முடியவில்லை. அப்புறம் வயநாட்டிலும் குடகிலும் பெய்த மழையில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி உபரி நீர் இறங்கியது. ஜூலை 30-ல் மேட்டூர் 120 அடி. இரண்டு வாரத்தில் ஏறத்தாழ எண்பது டிஎம்சி. விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடி வந்தால் ஒரு நாளிலேயே 13 டிஎம்சி சேரும் என்பதால் இது நடக்கிற காரியம்தான். 2025-ல் ஜூன் 29-லேயே அணை நிரம்பிவிட்டது. அதற்கு முன்னால் 2012-லிருந்து 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12-ல் திறக்க முடியாமல் போனதும் இதே அணையில்தான். ஆகவே 100 அடி என்கிற எண்ணைத் தனியாக எடுத்துவைத்து நல்லது, கெட்டது என்று சொல்ல வழியில்லை. அது ஏறுமுகத்தில் வந்த 100-ஆ, இறங்குமுகத்தில் வந்த 100-ஆ என்று முதலில் பாருங்கள்.

வரவேண்டிய தண்ணீருக்கு ஒரு சட்டக்கணக்கும் உண்டு. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி சாதாரண மழை ஆண்டில் பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு வரவேண்டியது 177.25 டிஎம்சி. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் சொன்ன 192-லிருந்து அது குறைந்தது. மாதவாரியாக ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22, நவம்பரில் 13.78 என்று போகிறது. பாதிக்கு நெருக்கமான தண்ணீர் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டே மாதத்தில் வரவேண்டும் என்பதைக் கவனியுங்கள். உங்கள் சம்பாவின் தலையெழுத்து இந்த இரண்டு மாதத்தில்தான் இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் பற்றாக்குறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது விதி. எந்த விகிதத்தில், எந்த வாரத்தில் என்பதுதான் ஒவ்வொரு முறையும் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவிலும் காவிரி நீர் மேலாண்மை ஆணையத்திலும் நடக்கிற வழக்கு. அங்கே எடுக்கிற முடிவு காகிதத்தில் வருவதற்கும் தண்ணீர் ஆற்றில் வருவதற்கும் இடையே நாற்று முற்றிவிடும். சட்டக்கணக்கை உரிமையாக வைத்துக்கொள்ளுங்கள், விதைப்புத் திட்டத்துக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

அதற்குப் பதில் மேலே உள்ள நான்கு அணைகளைப் பாருங்கள். கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி நான்கும் சேர்ந்து 114.57 டிஎம்சி. இதில் கபினி 19.52 தான். சின்ன அணை, மழை அதிகம் பெய்கிற நீர்ப்பிடிப்பு. அதனால் முதலில் நிரம்புவது அதுதான். நிரம்பிவிட்டால் திறந்துதான் ஆக வேண்டும். கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி விட்டது என்றால் அதற்குப் பிறகு பெய்கிற மழை கீழே வந்தே தீரும். அங்கே திறந்த தண்ணீர் மேட்டூரை எட்ட மூன்று நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் வாய்க்கால். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று, நான்கு நாள். வழியில் பவானியும் நொய்யலும் அமராவதியும் சேரும். ஆற்று மணல் குடிக்கும். குடிநீர்த் திட்டங்கள் எடுக்கும். கல்லணையில் அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. உபரி கொள்ளிடத்தில் போகிறது. நீங்கள் இருப்பது கல்லணைக் கால்வாயின் கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓடி வரவேண்டிய கால்வாய். மேட்டூர்த் திட்டத்தோடு சேர்ந்து வெட்டியது. பழைய காவிரிப் பாசனம் எட்டாத மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவதற்காகவே வந்தது. தண்ணீர் குறைவான ஆண்டில் முறை வைத்து விடுவார்கள். இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, இத்தனை நாள் அந்த ஆற்றுக்கு என்று. உங்களுக்கான முறையில் ஆறு நாள் தண்ணீர் என்றால், முதல் மூன்று நாள் காய்ந்த கால்வாயும் தலைமடை வயல்களும் ஏரிகளும் குடித்துவிடும். வெடிப்பு விட்ட வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு ஆள் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக ஊரும், ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி நிரம்பிய பிறகுதான் அடுத்த முழத்துக்கு நகரும். அது உங்கள் மதகுக்கு வரும் நேரத்தில் மேலே ஷட்டரை இறக்கிவிட்டால் முறை முடிந்தது. மேட்டூரில் தண்ணீர் இருந்தும் உங்கள் வாய்க்கால் காய்ந்து கிடக்க இதுவே போதுமான காரணம். இதற்கு மேல் உங்கள் பகுதியில் தூர் வாராமல் விட்டது, தலைப்பில் கூடுதலாக எடுப்பது போன்ற காரணங்களும் இருக்கலாம். அதை நேரில் பார்க்காமல் நான் சொல்வது நியாயமில்லை.

இதோடு ஒன்று. 'மேட்டூரிலிருந்து ஒரு லட்சம் கனஅடி திறப்பு' என்று செய்தி வந்தால் அதைப் பாசனத் தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அணை நிரம்பியபின் வருவதை அப்படியே உபரி நீருக்கான 16 கண் மதகு வழியாக விடுகிறார்கள். டெல்டா ஆறுகளும் கால்வாய்களும் அதில் ஒரு சிறு பங்கைத்தான் தாங்கும். மீதியைக் கல்லணைக்கு மேலே உள்ள முக்கொம்பிலேயே கொள்ளிடத்துக்குத் திருப்பிக் கடலுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். 2018 ஆகஸ்டில் அப்படிப் போன வெள்ளத்தில்தான் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது உடைந்து போயின. கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடும்போதே கடைமடை வாய்க்கால் காய்ந்து கிடந்த ஆண்டுகளைப் பார்த்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அவர்கள் கோபம் நியாயமானது.

விதை விடலாமா என்பதற்கு என் பதில் இது. மேட்டூர் 100 அடிக்கு மேல் இருந்து, நான்கைந்து நாள் சராசரி வரத்து திறப்புக்குச் சமமாகவோ கூடவோ இருந்து, கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பும் நிலையில் இருந்தால் சம்பாவைத் துணிந்து தொடங்கலாம். இதில் வரத்து திறப்பில் பாதிகூட இல்லாமல், மேலே உள்ள அந்த அணைகளும் காலியாக இருந்தால், 100 அடியைப் பார்த்து நீண்டகால ரகம் விடாதீர்கள். சி.ஆர். 1009 மாதிரி ரகம் 155 நாளுக்கு மேல் வயலில் நிற்கும். ஆகஸ்ட் நடுவில் விதைத்தால் ஜனவரி 28-க்குள் கரை சேரும். கடைமடையில் தண்ணீர் செப்டம்பர் பத்துக்கு மேல்தான் எட்டும்போலத் தெரிந்தால் 130, 135 நாள் மத்தியகால ரகத்துக்கு மாறிவிடுங்கள். நாற்று விடாமல் புழுதியில் நேரடி விதைப்பு செய்தால் முதல் மழையிலேயே முளைத்துவிடும். கால்வாயை எதிர்பார்த்து நாற்றங்காலில் நாற்றை முற்றவிட வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை எப்படிப் பெய்யும் என்பதை ஆவணியில் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவரும் இல்லாதவரும் ஒரே முடிவை எடுக்கக் கூடாது. கிணறு இல்லாதவர் நிலம் முழுவதையும் ஒரே தேதியில் விதைக்க வேண்டாம்.

கடைசியாக, நாளைக் காலையில் உங்கள் பகுதிப் பாசனப் பிரிவு அலுவலகத்துக்குப் போய் இரண்டு எண்களைக் கேளுங்கள். கல்லணைக் கால்வாயில் இப்போது எத்தனை கனஅடி விடுகிறார்கள், உங்கள் கிளை வாய்க்காலின் தலைப்பு மதகில் அதில் எவ்வளவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கரிடம் கேட்டாலும் சொல்வார். அந்த இரண்டையும் இங்கே எழுதினால், உங்கள் மதகுக்கு எந்த நாளில் வரும் என்று ஓரளவு கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.